அரசு வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை, ஆனாலும் அவரிடம் பேச வேண்டும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, நான் வீட்டில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறேன். எங்கள் ஊர் நகைக்கடை ஒன்றில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் நகைச் சீட்டு கட்டினேன். முடிகிற சமயத்தில், நகையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், கையில் பணம் இருந்தால் டெபாசிட் போடுங்கள், லட்சத்துக்கு மாதம் 2,000 தருகிறோம் என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த 3 லட்சத்தைக் கொடுத்தேன். 6 மாதம் வட்டி வந்தது. அதற்கப்புறம் கடையைப் பூட்டிவிட்டார்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன், முதலாளி கைதாகி ஜாமீனிலும் வந்துவிட்டார். ஜாமீன் விசாரணைக்குக் கோவை கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அரசு வக்கீல் 'அப்புறம் பார்க்கலாம்மா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு ஃபீஸ் கொடுக்க வேண்டுமா? என் பணம் எப்போது வரும்? நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாமா? முதலாளியின் மச்சான் போன் செய்து, கேஸை வாபஸ் வாங்கினால் பாதி தருகிறோம் என்கிறார். எங்கள் தெருவில் 4 பேரை நான்தான் அந்தக் கடையில் சேர்த்துவிட்டேன், அவர்கள் தினமும் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கிற அண்ணன் மகன், அங்கே மாநில அரசு வக்கீலே ஜனங்களுக்காகக் கேஸ் போடுவார் என்கிறான். இங்கே ஏன் அப்படி இல்லை?"

சகோதரி, நான் 26 வருஷம் அரசுத் தரப்பில் நின்று வழக்கு நடத்தியவன். 'அப்புறம் பார்க்கலாம்மா' என்று நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதில் எத்தனை பேரை அப்புறம் பார்த்தேன் என்று இப்போது நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபீஸ் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அவருக்குச் சம்பளமோ கட்டணமோ அரசுதான் தருகிறது. வக்கீலுக்கு என்றும் வக்கீல் குமாஸ்தாவுக்கு என்றும் சொல்லி யாராவது கை நீட்டினால் கொடுக்காதீர்கள். இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அவர் உங்கள் வக்கீல் இல்லை. வழக்குக் கட்டின் மேல் அட்டையைப் பாருங்கள், 'அரசு, காவல் ஆய்வாளர் மூலம், எதிர்' என்று போட்டு அந்த முதலாளி பெயர் இருக்கும். உங்கள் பெயர் அங்கே இருக்காது. உள்ளே சாட்சிப் பட்டியலில் அ.சா.1, அ.சா.2 என்று ஒரு எண்ணாக இருப்பீர்கள், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி. பணத்தை இழந்தது நீங்கள், சட்டத்தின் கணக்கிலோ குற்றம் நடந்தது அரசுக்கு எதிராக. அரசு வக்கீலின் வேலை குற்றத்தை நிரூபிப்பது. எதிரிக்குச் சாதகமான ஆவணம் ஒன்று அவர் கையில் இருந்தால் அதைக்கூட அவர் மறைக்கக் கூடாது, எப்பாடு பட்டாவது தண்டனை வாங்கித் தருவது அவர் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்கள் 3 லட்சத்தை வசூல் செய்து தருவதும் அவருடைய நேரடி வேலை இல்லை. கேட்க வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இது புரிந்துவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அரசு வக்கீல் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பல வகை உண்டு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருப்பவர் ஏ.பி.பி., உதவி அரசு வழக்கு நடத்துநர். டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வந்தவர், அரசு ஊழியர். செஷன்ஸ் கோர்ட்டில் இருப்பவர் பி.பி., குறைந்தது 7 வருஷம் தொழில் செய்த வழக்கறிஞர்களிலிருந்து அரசு நியமிப்பது. குறிப்பிட்ட வகை வழக்குகளுக்குச் சிறப்பு அரசு வழக்கறிஞர் உண்டு, அதற்கு 10 வருஷ அனுபவம் வேண்டும். இவர்கள் எல்லாம் கிரிமினல் பக்கம். நிலம், நஷ்டஈடு மாதிரி சிவில் வழக்கில் அரசுக்காக நிற்பவர் ஜி.பி., அவர் தனி. உங்கள் வழக்கு கோவை டான்பிட் கோர்ட்டில் இருக்கிறது, பணம் போட்டு ஏமாந்தவர்களின் வழக்குகளுக்கான தனி கோர்ட் அது. அங்கே முதலீட்டாளர் வழக்குகளைப் பார்ப்பதற்கென்றே அரசு வக்கீல் இருக்கிறார், அதனால் ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டாம், அந்த ஒருவரைப் பிடித்தால் போதும்.

அவர் ஏன் உங்களிடம் நின்று பேசவில்லை? ஒரு காரணம் வேலைப்பளு. காலையில் கட்டுக்கட்டாக ஃபைல் வரும், ஒவ்வொன்றிலும் சில பக்கம் புரட்டுவதற்குள் நீதிபதி வந்து உட்கார்ந்துவிடுவார். இன்னொரு காரணம் இதைவிட முக்கியம், வெளியே யாருக்கும் தெரிவதில்லை: அந்தக் கட்டத்தில் உங்கள் வழக்கு அவர் கையில் இல்லை, போலீஸ் கையில் இருக்கிறது. யாரை எதிரியாகச் சேர்ப்பது, எந்தப் பிரிவைப் போடுவது, எந்த ஆவணத்தைக் கைப்பற்றுவது எல்லாம் விசாரணை அதிகாரியின் முடிவு. நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, சரளா எதிர் வேலு, 2000-ஆம் வருஷம், அரசு வக்கீலின் கருத்தைக் கேட்டு அதன்படி குற்றப்பத்திரிகை போடு என்று போலீஸுக்கு உத்தரவிட முடியாது, புலனாய்வும் வழக்கு நடத்துவதும் வேறு வேறு வேலை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசு வக்கீல் போலீஸுக்கு அடங்கியவராக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவினை, அது நல்லதுக்குத்தான். ஆனால் அதன் மறுபக்கம், போலீஸ் சேகரிக்காத சாட்சியத்தை அரசு வக்கீல் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. கடையின் கம்ப்யூட்டரை முதல் வாரத்திலேயே கைப்பற்றாமல் விட்டுவிட்டால், மூன்று வருஷம் கழித்து எவ்வளவு பெரிய வக்கீல் வந்து நின்றாலும் அந்தக் கணக்கு திரும்ப வராது.

ஆகையால் குற்றப்பத்திரிகை போடும் வரை நீங்கள் பேச வேண்டிய ஆள் விசாரணை அதிகாரி. புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். 1.7.2024 முதல் நடைமுறையில் இருக்கிற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆம் பிரிவு இது. தகவல் வரவில்லை என்றால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன்.

1990-களில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்து, வட்டி ஆசை காட்டிப் பணம் வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மோசடிக்கு அன்றைக்கு இருந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420. எதிரியை ஜெயிலுக்கு அனுப்பலாம், பணம் போட்டவர் கையில் ஒன்றும் வராது. அதனால்தான் 1997-ல் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது, சுருக்கமாக டான்பிட். சொன்னபடி பணத்தைத் திருப்பித் தராவிட்டால் 10 வருஷம் வரை சிறை. அதைவிட முக்கியம், கம்பெனியின் சொத்தையும் அதை நடத்துகிறவர்களின் சொத்தையும் அரசே ஆணை போட்டு முடக்கலாம், அதை ஏலம் விட்டு முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மாநில அரசுக்கு இப்படிச் சட்டம் போட அதிகாரம் இல்லை என்று கம்பெனிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011-ல் பாஸ்கரன் வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

உங்கள் நகைச் சீட்டு இதில் வருமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். இந்தச் சட்டத்தில் டெபாசிட் என்பது மொத்தமாகக் கொடுத்ததையும் தவணையாகக் கட்டியதையும் சேர்த்துத்தான், வட்டிக்காகக் கொடுத்தாலும் சரி, பொருளாகத் திரும்ப வாங்குவதற்காகக் கொடுத்தாலும் சரி. அதனால் உங்கள் 55,000, 3 லட்சம் இரண்டையும் புகாரில் தனித்தனியாகக் காட்டுங்கள். வட்டியாக வந்த 36,000-ஐயும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். அதை நீங்களே சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் உங்கள் பாஸ்புக்கைக் காட்டி வெளியே எடுத்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மையின் மேலும் சந்தேகம் விழும்.

நடைமுறை இப்படிப் போகும்: போலீஸ் சொத்துப் பட்டியலை அரசுக்கு அனுப்பும், அரசு இடைக்கால முடக்க ஆணை போடும், தகுதிவாய்ந்த அதிகாரி அதை உறுதிசெய்யச் சொல்லி டான்பிட் கோர்ட்டில் மனுப் போடுவார். பெரும்பாலும் மாவட்ட வருவாய் அலுவலர்தான் அந்த அதிகாரி. கோர்ட் எதிரிகளையும், அந்தச் சொத்து எனது என்று உரிமை கேட்டு வருகிறவர்களையும் விசாரித்து உறுதிசெய்யும், பிறகு ஏலம், பிறகு கிடைத்த தொகையைப் பங்கிட்டுக் கொடுப்பது. ஒவ்வொரு படியிலும் ஆட்சேபம் வரும், மேல்முறையீடு வரும், மாதங்கள் போகும். உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், 2009-ல் வெடித்தது, கோவை டான்பிட் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். இயக்குநர்கள் இருவருக்கு 27 வருஷச் சிறை, 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். தண்டனை பெரிதுதான், ஆனால் நடுவே 13 வருஷம் போய்விட்டது. உங்கள் பெருந்துறைப் பக்கம் 2012-ல் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது பணம் போட்டவர்கள் எத்தனை வருஷம் கோவைக்கு பஸ் ஏறினார்கள் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாச் சொத்தையும் விற்றாலும் மொத்தக் கடனுக்குப் போதாது என்றால் ஆளுக்கு இத்தனை விழுக்காடு என்றுதான் கிடைக்கும். முழுப் பணமும் வரும் என்று நினைத்து மகள் கல்யாணத்துக்கு நாள் குறிக்காதீர்கள்.

சொத்துப் பட்டியல் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு உங்கள் பங்கும் பெரிதாகும். இந்த இடத்தில் நீங்கள் செய்ய முடிகிற வேலை வேறு யாராலும் முடியாது. போலீஸ்காரர் வெளியூரிலிருந்து வந்தவர், அந்த முதலாளி எந்தத் தோட்டத்தை எப்போது வாங்கினார், யார் பெயரில் வாங்கினார் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். இந்த மாதிரி ஆட்கள் கடையைப் பூட்டுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மனைவி பெயருக்கோ மாமனார் பெயருக்கோ தானசெட்டில்மென்ட் எழுதிவிடுவார்கள், நான் பார்த்த வழக்குகளில் இது நடக்காத வழக்கு அபூர்வம். கெட்ட எண்ணத்தோடு அப்படிக் கைமாற்றிய சொத்தையும் தொடர இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் வில்லங்க விவரம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஏமாந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, தெரிந்த இடம், வீடு, லாரி, பங்குதாரர் பெயர் எல்லாம் எழுதி, வில்லங்கச் சான்றும் வைத்து, விசாரணை அதிகாரிக்கு ஒரு மனு கொடுங்கள். அதன் நகலை டான்பிட் கோர்ட் அரசு வக்கீல் அலுவலகத்திலும் கொடுங்கள். ஒரு வழக்கில் எங்கள் பட்டியலில் இல்லாத ஒரு அரிசி ஆலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த ஆலையில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா. அவரும் பணம் போட்டு ஏமாந்தவர். கடைசியில் ஏலத்தில் நல்ல விலைக்குப் போனது அந்த ஆலைதான்.

2019-ல் மத்திய அரசும் ஒரு சட்டம் போட்டது, ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்கிற சட்டம். அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதே அதில் குற்றம், பணம் திரும்பத் தராமல் போகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வழக்கில் அந்தப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று எஃப்.ஐ.ஆர். நகலில் பாருங்கள். அதில் முதலீட்டாளருக்குத்தான் சொத்தில் முன்னுரிமை என்று எழுதியிருக்கிறது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டீர்களே, போகலாம். கிரிமினல் வழக்கு நடந்துகொண்டிருப்பது அதற்குத் தடை இல்லை, வேறு சட்டங்களில் உள்ள வழிகளோடு கூடுதலான வழிதான் இது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவே சொல்கிறது. நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், அதாவது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, உங்களுடையது 3 லட்சத்து 55 ஆயிரம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் 2 வருஷக் காலக்கெடு இருக்கிறது, இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கிரிமினல் கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த 2 வருஷம் ஓடிவிடும். நகையோ பணமோ தராமல் கடையைப் பூட்டிய நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு, காலதாமதம் செய்யாமல் போடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் வழி கேட்கலாம். இன்னும் நல்ல வழி, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987 சட்டத்தில் இருக்கிறது. எண் 15100. இதைப் பெரும்பாலான பெண்களுக்கு யாரும் சொல்வதே இல்லை.

நுகர்வோர் ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் 1 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறைத்தண்டனை போட அதற்கு அதிகாரம் உண்டு, அந்தப் பயத்தில் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் முதலாளியின் சொத்தெல்லாம் ஏற்கெனவே டான்பிட்டில் முடங்கியிருந்தால் ஆணையத்தின் உத்தரவை வைத்து அதிலிருந்து உங்களுக்கு மட்டும் முந்தி எடுப்பது கஷ்டம். அப்படியானால் எதற்குப் போட வேண்டும்? பட்டியலில் வராத பங்குதாரர் யாராவது இருந்தால் அவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம், மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேட்கலாம், உங்களுக்குப் பணம் வர வேண்டும் என்பதற்கு ஒரு உத்தரவும் கையில் இருக்கும். செலவு இல்லாத வழி என்பதால் என் யோசனை, போட்டு வையுங்கள்.

உங்கள் அண்ணன் மகன் சொன்னது சரிதான். அமெரிக்காவில் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குள்ளேயே நுகர்வோர் பாதுகாப்புக்குத் தனிப் பிரிவு இருக்கும், மாநில மக்கள் எல்லோர் சார்பிலும் அது கம்பெனிகள் மேல் வழக்குப் போடும். 1998-ல் 46 மாநிலங்கள் சேர்ந்து சிகரெட் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 25 வருஷத்துக்கு 200 பில்லியன் டாலருக்கு மேல் தருவதாகக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அங்கேயும் அட்டர்னி ஜெனரல் தனி ஒருவருடைய வக்கீல் இல்லை, இதையும் அவனிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் இந்த வேலை சிதறிக் கிடக்கிறது. எடை குறைவு என்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர், உணவுக் கலப்படம் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை, பொய் விளம்பரம் என்றால் டெல்லியில் 2020-ல் அமைத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். உணவிலேயே மாதிரி தரம் குறைவு என்று வந்தால் வருவாய் அலுவலர் அபராதம் போடுவார், உடலுக்குக் கேடு என்று வந்தால்தான் அது கிரிமினல் கோர்ட்டுக்குப் போகும். அரசே நுகர்வோர் சார்பில் புகார் போட நம் சட்டத்திலும் இடம் இருக்கிறது, மாநில அரசும் போடலாம். ஆனால் அந்த இடத்தைப் பயன்படுத்துவது அபூர்வம். 2015-ல் மேகி நூடுல்ஸ் விஷயத்தில் மத்திய அரசு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் 640 கோடி கேட்டுப் போட்டது, 9 வருஷம் கழித்து 2024 ஏப்ரலில் அது தள்ளுபடியானது. என் ஆசை, ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்றே ஒரு அரசு வக்கீலை வைக்க வேண்டும், கடை பூட்டும் வரை காத்திருக்காமல், வட்டி விளம்பர போர்டு வைக்கிற அன்றைக்கே அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் ஊரில் அந்த போர்டு எத்தனை மாதம் கடைவீதியில் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு நின்றிருக்கும்!

அடுத்தது அந்த மச்சானின் போன். இதில் ரொம்பக் கவனமாக இருங்கள். கேஸை வாபஸ் வாங்குகிற அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, அது அரசின் வழக்கு. அரசு வக்கீல்கூட கோர்ட்டின் அனுமதி இல்லாமல் வாபஸ் வாங்க முடியாது, புதுச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் கோர்ட் அனுமதி தரவும் கூடாது. அதனால் அவர் உண்மையில் உங்களிடம் கேட்பது வாபஸ் இல்லை, சாட்சிக் கூண்டில் ஏறி 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்வதைத்தான். பிறழ் சாட்சி ஆவதை. ஒரு வழக்கில் ஒரு பெரியவர் பாதிப் பணம் வாங்கிக்கொண்டு, மீதி தீர்ப்புக்கு அப்புறம் என்ற பேச்சை நம்பி, கூண்டில் என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் மறுத்தார். மீதிப் பணம் வரவே இல்லை. மூன்று மாதம் கழித்து என் அறை வாசலில் வந்து அழுதார், சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலத்தை அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும்?

பணம் தருகிறார்கள் என்றால் வாங்குவது தவறில்லை, வாங்குகிற விதம்தான் முக்கியம். தருகிற பணம் வங்கி மூலமாக வரட்டும், இல்லாவிட்டால் கோர்ட்டிலோ தகுதிவாய்ந்த அதிகாரியிடமோ கட்டட்டும். எல்லா முதலீட்டாளருக்கும் சேர வேண்டிய பணத்தை ரகசியமாக ஒருவர் கையில் கொடுப்பதே வழக்கைக் கெடுக்கிற வேலை. அசல் ரசீது, சீட்டுப் புத்தகம், பத்திரம் எதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். வெற்றுப் பத்திரத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த போன் அழைப்பு பதிவாகியிருந்தால் அழிக்காமல் விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். மிரட்டலாக மாறினால் அதற்குத் தனிப் புகார் கொடுங்கள், ஜாமீன் நிபந்தனையை மீறியதாக ஜாமீனை ரத்து செய்யக் கேட்கவும் அரசு வக்கீலுக்கு அது ஒரு ஆதாரம்.

போனை மாற்றுகிற எண்ணம் இருந்தால் இப்போது வேண்டாம். கடைக்காரர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஜி-பே பதிவு எல்லாம் சாட்சியமாக ஏற வேண்டுமானால் அதற்கு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும், முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி என்று சொல்வோம், இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4). செய்தி இருந்த அதே போன் கையில் இருந்தால் எல்லாம் சுலபம்.

அரசு வக்கீலை எப்படிப் பார்ப்பது? காலையில் கோர்ட் தொடங்குகிற நேரத்தில் போகாதீர்கள். சாயங்காலம், பி.பி. ஆபீஸில், வழக்கு எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அழுதுகொண்டு முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நேரம் இருக்காது, எனக்கும் இருந்ததில்லை. ஒரே பக்கத்தில் தேதி, கட்டிய தொகை, ரசீது எண், வந்த வட்டி, வர வேண்டியது, இவ்வளவும் கட்டம் போட்டு எழுதி நகலோடு கொடுங்கள். நூறு பேருக்கு மேல் சாட்சி இருந்த ஒரு வழக்கில் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு பூக்கடைக்காரரின் 40 பக்க நோட்டுதான். ஒவ்வொரு தவணையும் கொடுத்த நாள், வாங்கியவர் பெயர், அன்றைக்கு மல்லிகை விலைகூட அதில் இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு முழு மத்தியானம் குறுக்கு விசாரணை செய்தும் அந்த நோட்டை அசைக்க முடியவில்லை.

நீங்கள் சொந்தமாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அவர் அரசு வக்கீலுக்கு உதவலாம், ஜாமீன் மனுவில் இடையீட்டு மனுப் போட்டு எதிர்க்கலாம், கடைசியில் கோர்ட் அனுமதியோடு எழுத்து வாதம் தரலாம். ஆனால் அரசு வக்கீலை ஒதுக்கிவிட்டு அவரே சாட்சிகளை விசாரிக்க முடியாது, 2019-ல் ரேகா முராரகா வழக்கில் இது தெளிவாகிவிட்டது. எதிரி விடுதலையாகிவிட்டால் நீங்களே மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழு தருகிற வக்கீல் இதற்கெல்லாம் போதும், இருக்கிற நகையை அடகு வைத்துப் பெரிய வக்கீல் தேட வேண்டாம். அரசு வக்கீல் தொடர்ந்து கண்டுகொள்ளவே இல்லை என்றால் குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். 10 வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளை அந்தத் துறையின் இயக்குநரே கண்காணிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது, உங்கள் டான்பிட் வழக்கு அந்த வரிசையில் வருவதுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது அந்த 4 பேர் பற்றிய வரி. நல்லது என்று நம்பித்தான் சொன்னீர்கள், அதே நம்பிக்கையில் நீங்களும் போட்டு இழந்தீர்கள், அது குற்றம் ஆகாது. ஆனால் அவர்களைச் சேர்த்துவிட்டதற்குக் கடையில் கமிஷனோ வெள்ளிக் காசோ தங்கக் காசோ ஏதாவது கொடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம் முதலில் மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர் யோசனைப்படி விசாரணை அதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள். ஆள் சேர்த்ததையே தொழிலாகச் செய்தவர்களை ஏஜென்ட் என்று வழக்கில் சேர்ப்பதுண்டு. தெரியாமல் அக்கம்பக்கத்துக்குச் சொன்னவருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமானால், நீங்கள் வாங்கியது என்ன என்பது உங்கள் வாயிலிருந்தே முதலில் வர வேண்டும்.

அந்த 4 பேரும் புகார் கொடுத்துவிட்டார்களா? கொடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கொடுத்திருந்தால் உங்கள் வாசலில் நிற்க மாட்டார்கள். பங்கு பிரிக்கும்போது புகார் கொடுத்து, ஆவணத்தைக் காட்டி, பட்டியலில் பெயர் ஏறியவர்களுக்குத்தான் பணம். அவர்களை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தப் பதிலைக் காட்டுங்கள். ரசீது, சீட்டுப் புத்தகம், வங்கிப் புத்தகம், ஆதார் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு, நீங்கள் புகார் கொடுத்த அதே அலுவலகத்துக்கு இந்த வாரமே 5 பேராகச் சேர்ந்து போங்கள். ரசீது தொலைத்தவர் இருந்தாலும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள், கடையின் கணக்கில் அவர் பெயர் இருக்கலாம்.